பொங்கல் தின்ற கலெக்டர்

பொள்ளாச்சி வட்டாரத்தில் கால்நடை மருத்துவராகச் சேரப் போகிறவர்களுக்கு, மருந்துப் பெட்டியைப் பற்றிப் பேசும் முன் காலண்டரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் விடுப்பு எடுங்கள். பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் மட்டும் எடுக்காதீர்கள். அன்று ஊரே புதுத்துணி உடுத்திக்கொண்டு உறவினர் வீட்டுக்கும் ஆழியாறு அணைக்கும் கிளம்பும். நாம் சோடா உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தொழுவம் தொழுவமாக ஏறி இறங்குவோம். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும், அந்த நாளில் என் கை தானாகவே ஸ்டெதஸ்கோப்பைத் தேடுகிறது.

மாட்டுப் பொங்கலை இங்கே பட்டிப் பொங்கல் என்பார்கள். மாடு கட்டும் பட்டியிலேயே சின்னதாக ஒரு தெப்பக்குளம் வெட்டித் தண்ணீர் நிறைப்பார்கள். கரையில் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைப்பார்கள். மாடு அதை மிதித்துக் கடக்க வேண்டும். தட்டு தட்டி, "பொங்கலோ பொங்கல்" என்று கூவி, கடைசியில் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுவார்கள். நம் வேலை அங்கே ஆரம்பிக்கிறது. வெந்த பச்சரிசியும் வெல்லமும் நமக்கு விருந்து. மாட்டின் பெருவயிற்றுக்குள் அளவு மீறிப் போனால் அது மாவு புளிப்பதைப் போலப் புளித்து, அமிலமாகிவிடும். தீவனத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகும். அசை நிற்கும். அடுத்து ரத்தம் புளிக்கும். இவ்வளவும் உங்கள் பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் இல்லாதது ஒன்றுண்டு: எவ்வளவு ஊட்டினார்கள் என்பதை அந்த வீட்டாரிடமிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காகத்தான் மருதாயி வீட்டுக் கலெக்டரைப் பற்றி எழுதுகிறேன்.

கலெக்டர் என்பது மாட்டின் பெயர். ஜெர்சி கலப்பு, நல்ல சந்தன நிறம். மருதாயியின் கணவர் பழனிசாமி வைத்த பெயர் அது.

"பட்டிக்குள்ள நாம போனா மத்த ஊட்டு மாடு எந்திரிச்சு நிக்கும். இவ வந்தா நாமதான் எந்திரிச்சு நிக்கோணும் டாக்டரம்மா. அதுனால கலெக்டர்னு வெச்சுபோட்டேன்" என்றார், நான் அந்த மாட்டை முதன்முதலில் பார்க்கப் போனபோது.

மருதாயியும் பழனிசாமியும் வெகுகாலம் செல்லம்மாள் என்பவரின் தென்னந்தோப்பில் வேலை பார்த்தவர்கள். மருதாயிக்கு அங்கே மாட்டு வேலை. பால் கறப்பது, தீனி வைப்பது, சாணி வழிப்பது எல்லாம் அவர்தான். ஒவ்வொரு பட்டிப் பொங்கலுக்கும் செல்லம்மாளின் பட்டியில் தெப்பக்குளம் வெட்டியதும் அவர்தான். பழனிசாமி தேங்காய் நார் ஆலைக்கு வேலை மாறிய பிறகு, மருதாயி சந்தையில் ஒரு கிடாரிக் கன்றை வாங்கி வந்து, தன் பிள்ளையைப் போல வளர்த்தார். அது வளர்ந்து, சினை பிடித்து, பொங்கலுக்குச் சற்று முன்னால் ஒரு கிடாரிக் கன்றும் ஈன்றது. ஆக, அந்த ஆண்டுதான் மருதாயிக்குச் சொந்தப் பட்டியில் முதல் பட்டிப் பொங்கல்.

அந்த வீதியே அதைக் கொண்டாடியிருக்கிறது. கொண்டாடியதோடு நிற்கவும் இல்லை. ஆளுக்கு ஒரு கிண்ணத்தோடு வந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை போன் வந்தது. "ஏனுங்க டாக்டரம்மா, கலெக்டரு தள்ளாடறாங்க. எந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்று பழனிசாமி கத்தினார். ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, மருந்தகத்துக்கு ஆட்டுக்குட்டியோடு வந்திருந்த ஒருவர், "எந்தக் கலெக்டருங்க, நம்ம கோயமுத்தூர்க் கலெக்டருங்களா?" என்று எழுந்து நின்றுவிட்டார். விளக்கம் சொல்ல நேரமில்லை. வண்டியை எடுத்தேன்.

மருதாயியின் வாசலில் கூட்டம் நின்றது. தெப்பக்குளம் இன்னும் மூடப்படவில்லை, ஓரத்துப் பூக்கள் வாடிக் கிடந்தன. மாடு மார்பை ஊன்றிப் படுத்திருந்தது. கொம்பில் நேற்றுக் கட்டிய பலூன் ஒன்று மட்டும் மிச்சம். கன்று தள்ளிக் கட்டப்பட்டுக் கதறிக்கொண்டிருந்தது. மடியில் பால் வற்றிவிட்டது.

பக்கத்து வீட்டுக் கருப்புசாமி ஒரு எருமை வைத்திருப்பவர். அவர் எனக்கு முன்னாலேயே வைத்தியத்தைத் தீர்மானித்துவிட்டார். கையில் ஒரு கால்சியம் பாட்டில், வெந்நீரில் போட்டு எடுத்த சூட்டோடு.

"கன்னு போட்ட மாடு படுத்தா கால்சியந்தானுங்க டாக்டரம்மா. என்ர எருமைக்கு வாங்கி வெச்சது. வெசையா ஏத்துங்க. ஏத்துனா சித்த நேரத்துல எந்திரிச்சு நிக்கும், பாருங்க!"

கூட்டம் ஆமோதித்தது. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. கன்று ஈன்ற சில நாட்களில் மாடு படுத்தால் முதலில் கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சலைத்தான் நினைக்க வேண்டும். கால்சியம் ஏற்றினால் எழுந்து நிற்கும் அந்த அதிசயத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால் பால் காய்ச்சலில் காது சில்லிட்டு, சாணி இறுகிப் போயிருக்கும். இங்கே வால் பக்கமெல்லாம் சாணி தண்ணீராக வழிந்திருந்தது. அதில் புளித்த வாடை. கண்கள் குழி விழுந்திருந்தன. இடது விலாவில் கை வைத்து அமுக்கினால் குடத்துத் தண்ணீர் போலத் தளும்பியது. பல்லை நறநறவென்று கடித்தது. புளித்துப் போன உடம்பில் கால்சியத்தை வேகமாக ஏற்றினால் இதயம் அப்படியே நின்றுவிடலாம்.

எனக்குச் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. ஆனால் அளவு தெரிய வேண்டும். கொஞ்சம் தின்றிருந்தால் சோடா உப்புக் கரைசலும் காத்திருப்பும் போதும். அதிகம் என்றால் உடனே ரத்தக்குழாயில் மருந்தும் குளுகோஸ் தண்ணீரும் ஏற்ற வேண்டும். மிக அதிகம் என்றால் வயிற்றைத் திறந்து அள்ள வேண்டும். கன்று ஈன்ற உடம்புக்கு அது பெரிய சோதனை.

"நேத்து மாட்டுக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"சாமிக்குப் படைச்சதுல கொஞ்சூண்டுங்க" என்றார் மருதாயி. "நெல்லிக்கா அளவு."

"நாங்களுங் கொஞ்சூண்டுதானுங்க" என்றார் கருப்புசாமியின் மனைவி. அதற்குப் பக்கத்தில் நின்றவரும் கொஞ்சூண்டு. எதிர் வீடும் கொஞ்சூண்டு. எல்லோரும் நெல்லிக்காயில்தான் நின்றார்கள்.

வாசல் படலுக்கு அருகே செல்லம்மாள் நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம், காதில் வைரத்தோடு. கொஞ்சூண்டு என்று சொல்லாதவர் அவர் ஒருவர்தான். முகம் இறுகியிருந்தது.

மருதாயி என் கையைப் பிடித்துக் கன்றுப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். "டாக்டரம்மா, அக்காவ ஒண்ணுங் கேட்டுப்போடாதீங்க. இத்தன வருசத்துல என்ர வாசலுக்கு அவங்க வந்தது நேத்துத்தான் மொதத்தடவ. பொங்கச்சோறு கையில எடுத்துட்டு வந்தாங்க. அவங்களால மாட்டுக்கு இப்படின்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அப்பறம் இந்தப் பக்கமே திரும்பமாட்டாங்க."

"மாடு?"

"மாடும் வேணுங்க" என்றார். கண் நிறைந்துவிட்டது. "ரெண்டும் வேணுங்க."

இங்கேதான் நீங்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் உண்மையாகவே அதைக் கொஞ்சம் என்றுதான் நினைத்தார்கள். பண்டிகை நாளில் மாட்டுக்கு ஊட்டுவது புண்ணியம். மறுநாள் காலை ஒரு டாக்டர் வந்து அதைக் குற்றமாக்கினால் யார் கை தூக்குவார்கள்?

வால்பாறையில், என் முதல் பணியிடத்தில், எனக்கு மேலே இருந்த மருத்துவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து மாட்டு நோயைத் தாமதமாகத்தான் சொல்லி அனுப்புவார்கள். அவர் ஒருபோதும் "ஏன் இவ்வளவு லேட்?" என்று கேட்டதில்லை. "பஸ் கெடைச்சுதா?" என்றுதான் கேட்பார். "எங்கீங்க சார், திங்கக்கிழமையிலிருந்து அலையறேன்" என்று பதில் வரும். நோய் எப்போது தொடங்கியது என்பது அந்தப் பதிலில் இருக்கும்.

நான் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

"கலெக்டருக்கு நேத்துப் பெரிய விருந்து போலிருக்குதே! யாரு ஊட்டுப் பொங்கலுங்க அவளுக்கு ரொம்பப் புடிச்சது?"

"எங்க ஊட்டுதுதானுங்க!" என்றார் கருப்புசாமியின் மனைவி. "கையோட சேத்தி நக்கிப்போட்டா. முந்திரி போட்டிருந்தேன்."

"அடேயப்பா, முந்திரி!" என்றார் எதிர் வீட்டுக்காரர். "உங்க ஊட்டுப் பொங்கல்ல இனிப்பு எங்கீங்க இருந்துது? நாங்க கரும்புச் சர்க்கரை போட்டதுங்க. ஒரு இலை நெறைய வெச்சம், இலையவுஞ் சேத்தித் தின்னுபோட்டா."

"இலை என்னங்க இலை, நாங்க வாழைப்பழத்தப் பெசஞ்சு உருண்டை உருண்டையாக் குடுத்தமுங்க. தலைய ஆட்டி ஆட்டி வாங்குனா!"

"நாங்க ஒரு சொம்பு!"

"சொம்புல யாராச்சும் மாட்டுக்கு வெப்பாங்களா?"

"மாடு இல்லீங்க, கலெக்டரு!"

நெல்லிக்காய்கள் எல்லாம் உருண்டு உருண்டு பூசணிக்காயாகிக்கொண்டிருந்தன. நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். படலருகே நின்றவரை மட்டும் நான் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. வாழைப்பழ உருண்டைக்கும் கரும்புச் சர்க்கரைக்கும் போட்டி முற்றியபோது, அங்கிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் சும்மா இருங்க." செல்லம்மாள்தான். "என்ர கையில ஒரு போசி நெறையத் தின்னா. பெரிய பித்தளைப் போசி. நெய் ஊத்திச் செஞ்சது. வழிச்சு நக்கிப்போட்டு, மறுக்கா வேணும்னு என்ர சேலையப் புடிச்சு இழுத்தா. போய் இன்னுங் கொஞ்சம் எடுத்துட்டு வந்து குடுத்தேன். மருதாயி வளத்த மாடு, என்ர கையில தின்னுச்சேன்னு எனக்கு அத்தன சந்தோசமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அதனாலதானுங்களா டாக்டரம்மா?"

மருதாயி என் முகத்தையே பார்த்தார். மருந்துப் பெட்டியில் இல்லாத மருந்தை நாம் தர வேண்டிய நேரங்கள் உண்டு.

"ஒரு போசியில ஒண்ணும் ஆயிருக்காதுங்க" என்றேன். "ஒரு இலையிலும் ஆயிருக்காது. எல்லாருக்கும் அவளப் புடிச்சுப்போச்சு, அதான் நோவு. ஊரே சேந்து ஊட்டிப்போட்டீங்க. இப்ப ஊரே சேந்து எந்திரிக்க வெக்கலாம்."

பழனிசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப ஒரு கலியாணப் பந்தியே இவ வயித்துக்குள்ள உக்காந்துட்டிருக்குதுங்களா?"

யாரோ குபீரென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் செல்லம்மாளின் தோள்கள் சற்றுத் தளர்ந்ததைப் பார்த்தேன்.

அளவு தெரிந்துவிட்டது. மிக அதிகம். கத்தியா, காத்திருப்பா என்பதுதான் அடுத்த கேள்வி. நாடியைப் பார்த்தேன். துடிப்பு வேகம்தான், ஆனால் ஒழுங்காக இருந்தது. பெயர் சொல்லி மருதாயி கூப்பிட்டபோது காது திரும்பியது. இந்த மாட்டுக்கு இன்னும் கேட்கும் விருப்பம் இருக்கிறது என்று தோன்றியது. வயிற்றைத் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். கருப்புசாமியின் பாட்டிலை அவர் மனம் நோகாமல் வாங்கி வைத்தேன். "இது நாளைக்குத் தேவைப்படலாமுங்க, பத்திரமா இருக்கட்டும்." அதன் பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்த வைத்தியம்: ரத்தக்குழாயில் மருந்து, குழாய் வழியாகச் சோடா உப்பு. எதிர் வீட்டுக்காரர் குளுகோஸ் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தார். வாழைப்பழக்காரர்கள் சாக்கை மடித்து முட்டுக் கொடுத்தார்கள். செல்லம்மாள் தன் தோட்டத்துப் பாலைக் கன்றுக்கு அனுப்பி வைத்தார். மாலையில் கலெக்டர் எழுந்து நின்றது.

நின்றால் பிழைத்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மறுநாள் காலை போனேன். நின்றது, தண்ணீர் குடித்தது, வைக்கோலை முகர்ந்தது. முகர்ந்ததோடு சரி. இடது விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மாட்டுக்கு அங்கே தூரத்து இடி போல ஒரு உருட்டல் கேட்கும். இங்கே அடைத்த கடை. செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மொத்தமாகச் செத்துப் போயிருந்தன. அடுப்பு இருக்கிறது, விறகும் இருக்கிறது, நெருப்பு இல்லை. நெருப்பை வேறு வீட்டிலிருந்துதான் எடுத்து வர வேண்டும்.

"நல்லா அசை போடற ஒரு மாட்டு வயித்திலிருந்து கொஞ்சம் தண்ணி எடுக்கோணுங்க" என்றேன். "அத இவளுக்கு ஊத்துனா அந்த நுண்ணுயிருங்க மறுபடியும் பெருகும்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கருப்புசாமிதான் முதலில் தேறினார். "என்ர எருமை நல்லா அசை போடுமுங்க. ஆனா அத ஊத்துனா கலெக்டரு குட்டையில போய்ப் படுத்துக்குவாங்களோ?"

"என்ர செவலகிட்ட எடுங்க" என்றார் செல்லம்மாள்.

செவலை அவர் தோட்டத்துக் காங்கேயம் பசு. மருதாயி பல வருடம் கறந்த பசு. கண்டவர் கிட்டே நெருங்கினால் கொம்பை ஆட்டும். "அது ஆரையும் தொட உடாதுங்களே" என்றேன், அதற்கு ஊசி போடப் போய் எனக்கே அனுபவம் உண்டு.

"மருதாயிய உடும்" என்றார் செல்லம்மாள். "மூக்கணாங்கவுத்த அவ புடிச்சா அது பசு. நான் புடிச்சாவே அது புலிதான்."

அப்படித்தான் நடந்தது. மருதாயி செவலையின் தாடையைத் தடவி ஏதோ பேசிக்கொண்டே நின்றார். நான் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருவயிற்று நீரை உறிஞ்சி எடுத்தேன். பச்சை நிறம், வெதுவெதுப்பு, நல்ல வாடை. ஆமாம், நல்ல வாடை. கொஞ்ச காலம் இந்தத் தொழிலில் இருங்கள், உங்களுக்கும் அது நல்ல வாடையாகத்தான் தோன்றும். சூடு ஆறினால் அந்த உயிர்கள் தாங்காது. செல்லம்மாள் அடுக்களைக்குள் போய் ஒரு பாத்திரத்தோடு வந்தார்.

"இதுல ஊத்துங்க."

அதே பெரிய போசி.

மூடி போட்டு, துண்டு சுற்றி, பழனிசாமி அதை அணைத்துக்கொண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவே ஓடினார். "மெதுவாப் போங்க, சிந்தும்!" என்று மருதாயி. "வெசையாப் போங்க, ஆறும்!" என்று செல்லம்மாள். "ரெண்டு பேருஞ் சேந்து ஒண்ணச் சொல்லுங்க!" என்று பழனிசாமி, ஓடிக்கொண்டே.

ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். காத்திருப்பதும் வைத்தியம்தான். ஆனால் மருந்து போடுவதைவிடக் கடினம். கையில் ஊசி இல்லாமல் நின்றால் எல்லோரும் நம் முகத்தைப் பார்ப்பார்கள். இன்னொரு ஊசி போட்டு அவர்கள் மனதைச் சமாதானப்படுத்தலாம் என்று தோன்றும். போடாதீர்கள். மாட்டுக்குத் தேவையானதைச் செய்து முடித்த பிறகு செய்வதெல்லாம் நமக்காகச் செய்வது. நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மதியத்துக்கு மேல், மருதாயி என் தோளைத் தொட்டார். கையை நீட்டிக் காட்டினார். கலெக்டரின் கழுத்தில், அடியிலிருந்து ஓர் உருண்டை மேலே ஏறியது. வாய்க்குள் வந்தது. தாடை ஒரு பக்கமாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அப்புறம் நிற்கவே இல்லை.

"அசை போடறா!" என்று மருதாயி கத்தியதில் தென்னை மரத்துக் காகங்கள் பறந்தன. கருப்புசாமி உள்ளே ஓடிப் போய் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து தட்டத் தொடங்கினார். "பொங்கலோ பொங்கல்!" என்றது வீதி, பண்டிகை முடிந்து போன ஒரு நாளில். அந்தச் சத்தத்துக்கு நடுவே கலெக்டர் ஒரு நீண்ட ஏப்பம் விட்டது. அதன் வாடையில் முன்வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் கைதட்டினேன்.

மாட்டுக்கு மருந்து கொடுக்க உங்களுக்குச் சொல்லித் தர நான் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு நோயுற்ற மாட்டுக்குப் பின்னாலும் ஒரு வீடு நிற்கும். அந்த வீட்டைத் தலைகுனிய வைத்துவிட்டு மாட்டை மட்டும் எழுப்பினால், அடுத்த முறை அவர்கள் உங்களை அழைக்கமாட்டார்கள், அல்லது மிகவும் தாமதமாக அழைப்பார்கள். அன்று நான் கேட்ட கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருந்தால் செல்லம்மாள் தன் வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பார். செவலையும் கிடைத்திருக்காது.

அடுத்த ஆண்டுப் பட்டிப் பொங்கலுக்கு மருதாயி என்னை அழைத்தார். "இந்தத் தடவ நீங்க பக்கத்துல உக்காந்துக்கோங்க. ஆரு எவ்வளவு குடுக்கோணும்னு நீங்களே சொல்லுங்க." போனேன். கலெக்டர் தெப்பக்குளத்தை மிதித்துக் கடந்தது. அதன் கன்றும் இப்போது வளர்ந்து, பின்னாலேயே தாண்டியது. மாட்டுக்கு ஒரே ஒரு உருண்டை, இந்த முறை நிஜமாகவே நெல்லிக்காய் அளவு, வீதி மொத்தத்துக்கும் சேர்த்து மருதாயி ஊட்டினார். செல்லம்மாள் மருதாயியின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மருதாயி பானையிலிருந்து எடுத்து வைத்த பொங்கலை இலையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் கிண்ணங்களோடு வந்தவர்கள் என்ன செய்வார்கள்? கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப் போவது இந்த ஊர் வழக்கம் இல்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"கொஞ்சூண்டுங்க டாக்டரம்மா" என்றார் கருப்புசாமியின் மனைவி. முந்திரி நிறைய இருந்தது. "எங்க ஊட்டுது ருசி பாக்காமப் போனா எப்படீங்க?" என்று கரும்புச் சர்க்கரை வந்தது. அடுத்து வாழைப்பழ உருண்டை. அடுத்து சொம்பு. கடைசியாகச் செல்லம்மாள், "என்ர போசி உங்களுக்குத் தெரிஞ்சதுதானே, அம்மணி. நல்லா வெளக்கி வெச்சதுதான்" என்று சொல்லி நெய் மிதக்க வைத்தார். நான் மறுக்கவில்லை. மறுக்க முடியவில்லை.

விடைபெறலாம் என்று எழப் பார்த்தேன். எழ முடியவில்லை. இரண்டாவது முறை நாற்காலியின் கையை ஊன்றிப் பார்த்தேன். ம்ஹூம்.

பழனிசாமி என் பக்கத்தில் வந்து குனிந்து, மிகுந்த அக்கறையோடு என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மருதாயி, வெசையா வா! டாக்டரம்மா படுத்துக்குவாங்க போலிருக்குது. அந்தச் சோடா உப்பக் கரைச்சுக் கொண்டா!"